தக்காளிக் குழம்பும் தனித்து நின்ற இளைஞரும்

பங்குத் தந்தை ஒருவர் சமையற்குறிப்பு எழுதப் புகுவதைக் கண்டு நம் இல்லத்தரசியர் நகைக்கக்கூடும். அடுப்படிப் பக்கம் தலைகாட்டாத நமக்கு இதில் என்ன அனுபவம் என்று வினவவும் கூடும். வினா நியாயமானதே. ஆயினும் அண்மைய ஆண்டுகளில் ஒரேயொரு குழம்பை மட்டும் நாம் முறையாகக் கற்றுக்கொண்டோம். மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய நைஜீரியாவின் தக்காளிக் கோழிக் குழம்பே அது. அதனை நாம் கற்ற விதமும், கற்கத் தாமதித்த விதமும் நம் குடும்பங்கள் அறியத்தக்கவை என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

நான்கு பேர் அமரும் பெஞ்சில் ஒருவர்

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் புதியவர்கள் அல்லர். இப்பகுதியிலுள்ள கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயில அவர்கள் கடல் கடந்து வருகின்றனர். பேருந்து நிறுத்தத்திலும் மளிகைக் கடையிலும் அவர்களை நாம் அன்றாடம் காண்கின்றோம். காண்பதோடு நம் உறவு முடிந்துவிடுகின்றது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய இளைஞர் ஒருவர் நம் பங்கின் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரத் தொடங்கினார். தூய வெள்ளைச் சட்டை அணிந்து, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னரே வந்து, கடைசி வரிசையில் அமர்வார். திருப்பலி தமிழில் நடைபெறும். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. எனினும் எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாட்படியிட வேண்டும் என்பதை அவர் நம்மைப் போலவே அறிந்திருந்தார்.

நான்கு பேர் அமரக்கூடிய அந்தப் பெஞ்சில் அவர் ஒருவரே அமர்ந்திருப்பார். ஆலயம் நிறைந்து வழியும் நாளில்கூட மக்கள் ஓரத்தில் நிற்பார்களேயன்றி அவரருகே அமர மாட்டார்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக் கைகூப்பும் வேளையில் அவர் இருபுறமும் திரும்பிக் கைகூப்புவார். அவர் திரும்பிய பக்கம் எவரும் இருப்பதில்லை.

பீடத்தில் நின்ற நாம் இதனை ஓராண்டுக் காலம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறரைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை. திருப்பலி முடிந்ததும் அவரிடம் சென்று ஒரு வார்த்தை பேச நம்மைத் தடுத்தவர் எவருமில்லர். அடுத்த திருப்பலி, திருமுழுக்கு, கூட்டம், வரவு செலவுக் கணக்கு என்று நாமும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

முதற் குழம்பு

2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, குடும்பங்கள் வாழ்த்துக் கூறிக் கேக்கைப் பகிர்ந்துகொண்டு கலைந்துசென்றன. வாயிற்கதவை மூடச் சென்றபோது அந்த இளைஞர் மட்டும் குடிலின் விளக்குகளைப் பார்த்தவாறு நின்றிருந்தார். "நாளை உணவு எங்கே?" என்று கேட்டோம். விடுதியின் உணவுக்கூடம் விடுமுறைக்கு மூடப்பட்டுவிட்டதென்றும், ரொட்டியும் முட்டையும் வாங்கி வைத்திருப்பதாகவும் கூறினார். ஊரில் இந்நேரம் என்ன சமைப்பார்கள் என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. "சோறும் ஸ்ட்யூவும், பாதர். கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டில் சோறும் கோழி ஸ்ட்யூவும்தான்."

மறுநாள் நண்பகல் நம்முடன் உண்ண வருமாறு அழைத்தோம். நம் இல்லத்தில் சமைக்கும் மூதாட்டியிடம் செய்தியைச் சொன்னோம். "தக்காளி, வெங்காயம், கோழி. இதுல என்ன சாமி அதிசயம்? நான் பாத்துக்கிறேன்," என்றார் அவர். வரும் பிள்ளை மகிழ வேண்டுமே என்ற அன்பினால் தேங்காய் அரைத்து விட்டார். புளி கரைத்து ஊற்றினார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தார். மணம் தெருவரை வீசியது.

இளைஞர் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் உண்டார். நாம் பெருமிதத்துடன், "உம் தாயாரின் சமையலைப் போல் இருக்கின்றதா?" என்று வினவினோம். சற்றே தயங்கிப் பின் சொன்னார்: "என் தாயாரின் சமையல் போல் இல்லை, பாதர். ஆனால் ஒரு தாய் எனக்குச் சோறு பரிமாறி ஓராண்டு ஆகிவிட்டது."

அதனைத் தமிழில் எடுத்துரைத்தபோது மூதாட்டி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பின்னர், "அப்போ அந்தப் பிள்ளையோட அம்மா எப்படிச் செய்வாங்களோ அப்படியே செஞ்சு குடுக்கணும் சாமி. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து சொல்லச் சொல்லுங்க," என்றார்.

இரு தாய்மார்

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். கைப்பேசியில் தம் தாயாரை அழைத்து, முகம் தெரியும்படி அடுப்பருகே நிறுத்தி வைத்தார். அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது; நம் மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. நாமும் இளைஞரும் இடையில் நின்று மொழிபெயர்த்தோம். ஆனால் தக்காளி விழுது கொதித்து வற்றிச் சட்டியின் ஓரங்களில் எண்ணெய் மின்னத் தொடங்கிய அக்கணத்தில், அம்மையார் அங்கிருந்து கைதட்டினார், மூதாட்டி இங்கிருந்து, "எண்ணெய் பிரிஞ்சிருச்சு!" என்று கூவினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்பதத்தை இரு நாட்டுத் தாய்மாரும் அறிவர்.

அன்று கற்ற செய்முறையைக் கீழே தருகின்றோம். நைஜீரியாவில் இதனை 'ஸ்ட்யூ' என்று ஆங்கிலச் சொல்லாலேயே அழைப்பர். யொருபா மொழியினர் 'ஒபே அட்டா' என்பர். மிளகாய்க் குழம்பு என்பது அதன் பொருள்.

தேவையான பொருள்கள் (ஐந்து பேருக்கு)

கோழி 1 கிலோ. பெங்களூர்த் தக்காளி 750 கிராம். சிவப்புக் குடைமிளகாய் 2. பெரிய வெங்காயம் 4. பச்சை மிளகாய் 3 அல்லது 4. பூண்டு 4 பல். இஞ்சி ஒரு சிறு துண்டு. கடலை எண்ணெய் 150 மில்லி. கறித்தூள் 2 தேக்கரண்டி. கற்பூரவல்லி இலை 3. உப்பு தேவையான அளவு.

தக்காளியைப் பற்றி ஒரு சொல். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் மிகுதி. ரசத்துக்கு அதுவே சிறந்தது. இக்குழம்புக்குச் சதைப்பற்று மிகுந்த, நீண்ட வடிவமுடைய பெங்களூர்த் தக்காளியே ஏற்றது. நன்றாகச் சிவந்து பழுத்ததாக இருத்தல் வேண்டும்.

கறித்தூள் என்பது அவர்கள் நாட்டுக் கடைகளில் விற்கும் மஞ்சள் மிகுந்த, காரம் குறைந்த பொடி. ஒன்றரைத் தேக்கரண்டி தனியாத் தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு சிட்டிகை வெந்தயத் தூள் ஆகியவற்றைக் கலந்தால் அதற்கு நெருங்கிவிடும். நம் வீட்டுக் குழம்புத் தூளைச் சேர்த்தல் ஆகாது. அதன் மணம் பிற மணங்களை மறைத்துவிடும். தைம் என்னும் வாசனை இலையை அவர்கள் தவறாது சேர்ப்பர். அது கிடைக்காவிடில் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலையையோ, கால் தேக்கரண்டி ஓமத்தையோ சேர்க்கலாம். தைமுக்கும் ஓமத்துக்கும் மணம் தருவது தைமால் என்னும் ஒரே பொருளாதலின் சுவை பெரிதும் மாறாது.

செய்முறை

முதலாவதாக, கோழித் துண்டுகளுடன் நறுக்கிய வெங்காயம் ஒன்று, தட்டிய இஞ்சி, பூண்டு, பாதிக் கறித்தூள், கற்பூரவல்லி இலை ஒன்று, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, மூன்று குவளை நீர் ஊற்றி வேகவிட வேண்டும். பிராய்லர் கோழிக்கு இருபது நிமிடம் போதும். நாட்டுக் கோழியானால் முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். வெந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. குழம்பின் உயிர் அதில்தான் இருக்கின்றது.

இரண்டாவதாக, தக்காளி, குடைமிளகாய், பச்சை மிளகாய், இரண்டு வெங்காயம் ஆகியவற்றை நீர் சேர்க்காமல் அரைத்து, அகன்ற பாத்திரத்தில் மூடாமல் கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் இப்போது வேண்டியதில்லை. நீர் முழுதும் வற்றி, கரண்டியில் எடுத்தால் சட்னி போல் நிற்கும்வரை ஏறத்தாழ அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, வெந்த கோழித் துண்டுகளை எடுத்து ஈரம் வடித்து, எண்ணெயில் மேற்புறம் பொன்னிறமாகும் வரை வறுத்துத் தனியே வைக்க வேண்டும்.

நான்காவதாக, அதே எண்ணெயில் மீதமுள்ள வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து வதக்கி, வற்றிய விழுதை இட்டு, மிதமான தீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பதினைந்து முதல் இருபது நிமிடம் வறுக்க வேண்டும். பச்சை வாடையும் புளிப்பும் அகன்று, நிறம் ஆழ்ந்து, எண்ணெய் மேலே பிரிந்து வரும். இப்பதம் வருமுன் அவசரப்பட்டு நீர் ஊற்றினால் குழம்பு புளித்துப் போகும்.

இறுதியாக, கோழி வெந்த நீரில் இரண்டு குவளை ஊற்றி, மீதிக் கறித்தூளையும் கற்பூரவல்லி இலைகளையும் சேர்த்து, உப்புப் பார்த்து, கோழித் துண்டுகளை இட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கலாம்.

வடித்த சோற்றுடன் இதனைப் பரிமாறுவர். நேந்திரம் பழத்தை வட்டமாக அரிந்து எண்ணெயில் பொரித்து உடன் வைப்பதும் அங்கு வழக்கம். நம் மீன் குழம்பைப் போலவே இதுவும் மறுநாள் இன்னும் சுவைக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: புளி வேண்டா, தேங்காய் வேண்டா, கறிவேப்பிலைத் தாளிப்பு வேண்டா. ஓர் அயலவரின் உணவைச் சமைக்கும்போது நம் கை தன் பழக்கத்தையே தேடிச் செல்லும். அக்கையைச் சற்று அடக்கிக்கொள்வதும் விருந்தோம்பலின் ஒரு பகுதி என்பதை நம் மூதாட்டியிடமிருந்து கற்றோம். நமக்குப் பிடித்ததை அவருக்கு ஊட்டி, அவர் நன்றி சொல்ல வேண்டுமென்று எதிர்பார்ப்பது எளிது. அவருக்கு எது உணவு என்று கேட்டறிவதற்கே பொறுமை வேண்டியிருக்கின்றது.

நம் அடுப்படியில் ஆப்பிரிக்கா

இதெல்லாம் அந்நிய நாட்டுச் சமையல் அன்றோ என்று எண்ணுவோர் தம் அடுப்படியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்களாக. தக்காளியும் மிளகாயும் தென் அமெரிக்கக் கண்டத்திலும் மெக்சிகோவிலும் தோன்றியவை. போர்த்துக்கீசியர் கடல்வழி கண்ட பின்னரே அவை ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் வந்தன. இக்குழம்பின் இரு முதன்மைப் பொருள்களும் அவர்கள் நாட்டிலும் நம் நாட்டிலும் ஒருகாலத்தில் விருந்தாளிகளே.

நமக்கே உரியவை என்று நாம் எண்ணுபவை எங்கிருந்து வந்தன? கூழுக்குரிய கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் தோன்றியது. கம்பும் சோளமும் ஆப்பிரிக்கத் தானியங்கள். காராமணியும் அங்கிருந்து வந்ததே. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அரேபியர் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயரிட்ட புளியும் பிறப்பால் ஆப்பிரிக்க மரத்தின் கனி. நியாயவிலைக் கடையில் நாம் வரிசையில் நின்று வாங்கும் பாமாயிலைத் தரும் எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் ஏரி மீன் கடைகளில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க மீன். 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இவற்றை நாம் ஒருபோதும் கடைசி வரிசையில் அமர்த்தவில்லை.

அவர்கள் இல்லங்களிலும் நாம் இருக்கின்றோம். அவர்கள் குழம்பில் இடும் கறித்தூளின் பெயர் நம் 'கறி' என்னும் சொல்லிலிருந்து வந்ததென்பர் அறிஞர். நைஜீரியாவின் இக்போ இனத்துப் பெண்கள் திருமண நாளில் உடுத்தும் சிறப்பான துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையால் வந்த பெயர் அது என்று கூறப்படுகின்றது. அந்நாட்டின் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியை 'இன்ஜிரி' என்று அழைத்து, தம் சடங்குகளில் பெருமதிப்புடன் பயன்படுத்தி வந்துள்ளனர்.

நம் மக்களும் ஆப்பிரிக்க மண்ணில் விருந்தாளிகளாகச் சென்று இறங்கியவர்களே. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி, கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்கள் வழிவந்தோர் இன்றும் டர்பனில் தக்காளியும் கறிவேப்பிலையும் இட்டுக் கோழிக் கறி சமைக்கின்றனர். அந்நிய மண்ணில் வீட்டுச் சோற்றின் நினைவு எத்துணை வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் பெண் மக்களுக்கு மோனிக்கா என்று பெயர் சூட்டுகின்றோம். ஆண் மக்களுக்கு அகுஸ்தீன் என்று சூட்டுகின்றோம். அத்தாயும் மகனும் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த ஆப்பிரிக்கர் என்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம்?

வாடகை வீடு

2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்த இளைஞர் விடுதியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இரு நண்பர்களுடன் சேர்ந்து வாடகைக்கு வீடு தேடினார். மூன்று வாரம் அலைந்தும் வீடு கிடைக்கவில்லை. பலகை தொங்கிய வீட்டிலும் அவர் முகத்தைக் கண்டதும், "வீடு போயிடுச்சு," என்றனர். மறுநாளும் அப்பலகை அங்கேயே தொங்கியது. அவ்வீடுகளுள் நம் பங்கு மக்களின் வீடுகளும் இருந்தன என்பதை வருத்தத்துடன் எழுதுகின்றோம்.

அவற்றுள் ஒரு வீட்டுக்கு நாமே சென்றோம். குடும்பத் தலைவர் தென்மாவட்டத்துக்காரர். பல்லாண்டுகளுக்கு முன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை தேடி வந்தவர். அவர் வந்த காலத்தில் தமக்கு எவரும் வீடு தராத கதையைத் தாமே நமக்கு முன்பு கூறியிருக்கின்றார். எந்த ஊர், என்ன ஆட்கள், வீட்டில் கவுச்சி சமைப்பீர்களா என்றெல்லாம் கேட்டுக் கதவடைத்தார்களாம். நாம் அதனை நினைவூட்டியதும் அவர் தலைகுனிந்தார். அவர் துணைவியார் மட்டும் மனந்திறந்து, "ஆளுங்களைப் பத்தி இல்ல சாமி. அவங்க என்ன சமைப்பாங்களோ, என்ன நாத்தமோன்னுதான் பயமா இருக்கு," என்றார்.

நாம் மறுமொழி கூறாமல் திரும்பினோம். அப்போது தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ அறுபது ரூபாய்க்கு விற்ற நேரம். இருப்பினும் நம் மூதாட்டி முக்கால் கிலோ தக்காளி வாங்கி, ஞாயிறு நண்பகல் அக்குழம்பைச் சமைத்து, தூக்குவாளியில் ஊற்றி, தாமே அவ்வீட்டுக்குக் கொண்டுசென்றார். இளைஞரையும் உடன் அழைத்துக்கொண்டார். வீட்டம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாராம். "இது நம்ம தக்காளித் தொக்கு வாசனைல்ல இருக்கு!" என்றாராம். அன்று அவ்வீட்டில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். அடுத்த வாரம் மாடிப் போர்ஷனின் சாவி அம்மாணவர்கள் கைக்கு வந்தது.

ஒரு தூக்குவாளிக் குழம்பு அனைத்தையும் மாற்றிவிட்டது என்று நாம் கூற மாட்டோம். மற்ற வீடுகள் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாடியிலிருந்தவர்களை அண்ணன் என்று அழைத்தனர். ஞாயிறுதோறும் கடைசிப் பெஞ்சு இப்போது நிறைந்திருந்தது.

2025இல் அவர் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். புறப்படுமுன் நம் மூதாட்டியின் காலைத் தொட்டு வணங்கினார். அவர் தாயார் அனுப்பியிருந்த கறித்தூள் டப்பா ஒன்றை அவர் கையில் வைத்தார். அது இன்னும் அலமாரியில் இருக்கின்றது. மூதாட்டி அதனைச் சிக்கனமாகவே செலவிடுகின்றார்.

கடந்த சில ஞாயிறுகளாகக் கடைசி வரிசையில் வேறு இரு இளைஞர்கள் வந்து அமர்கின்றனர். அவர்கள் எந்த நாட்டினர் என்று இன்னும் கேட்கவில்லை. இவ்விதழ் உங்கள் கைக்கு வருமுன் நாம் கேட்டுவிடுவோம். மறுபடியும் ஓராண்டு கடத்த நமக்கு மனமில்லை. அவர்கள் ஊர்ச் சமையல் மேலே சொன்னதாக இராமற்போகலாம். அப்போது வேறொரு செய்முறையை முதலிலிருந்து கற்க வேண்டியதுதான். நம் குடும்பங்களுள் ஏதேனும் ஒன்று அப்பெஞ்சில் சென்று அமர்ந்து, ஒரு ஞாயிறு உணவுக்கு அவர்களை அழைத்து, "உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள்?" என்று கேட்குமானால், அடுத்த குறிப்பை எழுதும் பொறுப்பை அக்குடும்பத்தின் இல்லத்தரசியிடமே மகிழ்வுடன் ஒப்படைப்போம்.